மேல் கண்மாயின் கலுங்கை உயர்த்திவிட்டார்கள், கீழ்க் கண்மாய்க்கு மறுகால் வரவில்லை. என்ன பாத்தியம் இருக்கிறது?

கடைமடைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பரமக்குடிக்குக் கிழக்கே. அப்பாவுக்குப் பிறகு நானும் அம்மாவும்தான் வயலைப் பார்க்கிறோம். 2 ஏக்கர் 30 சென்ட் நஞ்சை, ஊர்க் கண்மாயின் கடைமடையில். கடைமடைக்கு எப்போதுமே தண்ணீர் தட்டும், அது எங்களுக்குப் பழக்கம்தான். இப்போது வந்திருப்பது வேறு. கண்மாய்க்கே தண்ணீர் வந்து சேரவில்லை.

எங்களுடையது சங்கிலிக் கண்மாய். மேலே ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. அது நிறைந்து, உபரித் தண்ணீர் வழிவதற்குக் கட்டிய கலுங்கு பாய்ந்தால், அந்த வழிந்த தண்ணீர்தான் மறுகால், ஓடையாக இறங்கி எங்களுக்கு வரும். நாங்கள் நிறைந்தால் எங்கள் கலுங்கு வழியாகக் கீழே இன்னொரு ஊருக்குப் போகும். எங்களுக்கென்று சொந்த மழைப்பிடிப்பு கொஞ்சம் உண்டு. அதை நம்பிப் பயிர் வைக்க முடியாது.

மேல் கண்மாய்க் கலுங்கில் இடுப்பளவு உயரத்துக்குக் கருங்கல்லை வரிசையாக நட்டிருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடைவெளி. அதன் வழியாகத்தான் தண்ணீர் எங்களுக்கு வரும். மழை ஓய்ந்து வெள்ள பயம் தீர்ந்த பிறகு, மார்கழிக் கடைசியிலோ தை பிறந்தோ, மேல் ஊர்க்காரர்கள் அந்த இடைவெளிகளில் வைக்கோல் புரியும் களிமண்ணும் வைத்து அடைத்துக்கொள்வார்கள். அதற்குள் எங்கள் கண்மாய் நிறைந்திருக்கும் என்பதால் யாரும் ஆட்சேபித்ததில்லை. ஆடியில் அந்த மண்ணை எடுத்துவிட வேண்டும் என்பதும் வழக்கம். அப்பத்தா கல்யாணமாகி வந்த காலத்திலேயே இது நடைமுறையில் இருந்ததாகச் சொல்லும்.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கலுங்கில் பராமரிப்பு வேலை நடந்தது. முடிந்த பிறகு போய்ப் பார்த்தால் கல் இடைவெளி எல்லாவற்றையும் கான்கிரீட் போட்டு அடைத்திருந்தார்கள். முழு உயரத்துக்கு இல்லை. டேப் வைத்து அளந்தேன், ஒன்றரை அடி. யார் கேட்டு யார் செய்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அதிலிருந்து ஐப்பசியில் நல்ல மழை பெய்தாலும் மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்வதற்குக் கார்த்திகை கடைசி ஆகிவிடுகிறது. பாய்வதும் நாலைந்து நாள். நாங்கள் புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல் விதைக்கிறவர்கள். பயிர் பொதி கட்டிப் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாயில் சேறுதான் கிடக்கிறது. போன தடவை கதிர் வந்தது, கையில் உருவினால் பாதிக்கு மேல் பதர். அம்மா அந்தக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. போர் போடலாம் என்றால் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உவர். அதைப் பாய்ச்சினால் அடுத்த வருடத்துக்கு மண்ணும் போய்விடும்.

மேல் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், 210 ஏக்கர், நீர்வளத்துறையைச் சேர்ந்தது. எங்களுடையது 90 ஏக்கர், ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. மனுவை யாரிடம் கொடுப்பது என்பதிலேயே குழப்பம். ஊர் இளவட்டங்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் உடைத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மேல் ஊரில் எங்கள் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள், பெண் கொடுத்து எடுத்த ஊர்.

மேல் கண்மாய்த் தண்ணீரில் எங்களுக்குச் சட்டப்படி பாத்தியம் உண்டா? அதை எதைக் காட்டி நிரூபிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதகடி எழுதியது:

அம்மா, வைகைப் பாசனப் பகுதியில் உதவிப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் வழக்கு முழுவதும் நீங்கள் அளந்த அந்த ஒன்றரை அடியில் நிற்கிறது. அதனால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

கலுங்கில் இரண்டு மட்டம் உண்டு. கற்கள் நிற்கிற தளம் முழு நீர் மட்டம், எஃப்.டி.எல். என்பார்கள். கற்களின் உச்சி, பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறக்கூடிய அதிகபட்ச மட்டம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வெள்ளம் வடிவதற்கு விட்ட வழி. மழைக்காலம் முடிந்த பிறகு அந்த இடைவெளியை மண் வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வது பழைய வழக்கம்தான், கல்லை அப்படி நட்டதற்கே அதுவும் ஒரு காரணம். மண்ணும் வைக்கோலும் எதிர்பாராத வெள்ளம் வந்தால் கரைந்து வழிவிடும். கான்கிரீட் வழிவிடாது. மாதக் கணக்கில் இருந்த உரிமையை வருடம் முழுவதற்கும் ஆக்கியதுதான் இங்கே நடந்த மாற்றம். மனுவில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதுங்கள். மேல் ஊர்க்காரர்கள் “நாங்கள் எப்போதும் அடைக்கிறதுதானே” என்பார்கள், அதிகாரியும் தலையாட்டிவிடுவார்.

ஒன்றரை அடி என்பது எவ்வளவு தண்ணீர் என்றும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மேல் கண்மாயின் நீர்ப்பரப்பு எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. 150 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 150 ஏக்கரில் ஒன்றரை அடி என்றால் 225 ஏக்கர் அடி, அதாவது சுமார் 98 லட்சம் கன அடி. நெல்லுக்கு விதைப்பிலிருந்து அறுப்பு வரை மொத்தம் 4 அடி ஆழத் தண்ணீர் என்று கொண்டால், இது சுமார் 56 ஏக்கர் நெல்லின் முழுத் தேவை. வயலில் நேரே விழும் மழையையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அதிக ஏக்கருக்கு வரும். உங்கள் ஆயக்கட்டே 90 ஏக்கர். மேல் கண்மாய் கூடுதலாகத் தேக்குகிற அந்தத் தண்ணீர்தான் உங்கள் ஊர் விளைச்சல். உண்மையான நீர்ப்பரப்பு ஏக்கரைக் கிராம நிலங்களின் ‘அ’ பதிவேட்டில் கண்மாய்ப் புல எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டு இந்தக் கணக்கைத் திருத்திப் போடுங்கள். நீர்ப்பரப்பு கண்மாயின் மொத்தப் புலப் பரப்பைவிடக் குறைவாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மனுவின் முதல் பத்தியில் தண்ணீர்ப் பங்கை எழுதாதீர்கள். கரையின் பாதுகாப்பை எழுதுங்கள். கல் உயரம் 3 அடி என்றால் அதில் பாதியை அடைத்திருக்கிறார்கள். பாதி அடைத்தால் பாதித் தண்ணீர் வெளியேறும் என்று தோன்றும். அப்படி இல்லை. கலுங்கின் மேல் பாய்கிற தண்ணீர், உயரம் குறையும்போது அதைவிட வேகமாகக் குறையும். உயரம் பாதியானால் வெளியேற்றம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். மீதி வெள்ளம் கண்மாய்க்குள்ளேயே ஏறும். மண் கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டால் அந்தக் கரையைக் காப்பாற்ற முடியாது. உடைந்தால் முதலில் மேல் ஊரின் 210 ஏக்கர் மணல் மேடாகும். அடுத்து உங்கள் கண்மாய், அதற்கடுத்து கீழ் ஊர்க் கண்மாய், சங்கிலியாகவே போகும். பங்கு கேட்டு வருகிற மனுவை இரண்டு ஊர்ச் சண்டை என்று ஒதுக்கி வைக்கலாம். கரை உடையும் என்று எழுதிக் கொடுத்த மனுவை எந்தப் பொறியாளரும் மேசையில் தூங்க விடமாட்டார்.

இனி ஆதாரம். கான்கிரீட்டுக்குக் கீழே பழைய தளம் கண்ணுக்குத் தெரியும். பழைய கட்டு சுண்ணாம்புக் காரை, கல் வேலை. மேலே சிமெண்ட். கீழ்ப்பக்கத்தில் நின்று, டேப்பைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டும் சேரும் கோடு தெரியும்படி படம் எடுங்கள். அடுத்து, மேல் கண்மாயின் மடைத் தளத்துக்கும் பழைய கலுங்குத் தளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் வேண்டும். மடை ஓரிடத்தில் இருக்கும், கலுங்கு எங்கோ கரைக் கோடியில் இருக்கும், இதற்கு மட்டக் கருவி வேண்டுமே என்று நினைக்காதீர்கள். காற்று அடிக்காத காலை நேரத்தில் தேங்கி நிற்கிற தண்ணீரே மட்டம்தான். கண்மாயில் கலுங்குத் தளம் நனைகிற அளவு தண்ணீர் நிற்கும்போது, ஒரே நேரத்தில் ஒரு ஆள் மடையிலும் ஒரு ஆள் கலுங்கிலும் ஆழத்தை அளந்தால் போதும். இரண்டையும் கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும்.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? பெரிய கண்மாய்களுக்கு ‘டேங்க் மெமாயர்’ என்ற குறிப்பேடு துறையில் உண்டு. மடைத் தளம், முழு நீர் மட்டம், அதிகபட்ச நீர் மட்டம், கரை உச்சி, ஆயக்கட்டு, எந்தக் கண்மாயின் மறுகால் இதற்கு வருகிறது, இதன் மறுகால் எதற்குப் போகிறது, எல்லாம் அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு அதன் நகலைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதே மனுவில் அந்தப் பராமரிப்பு வேலையின் மதிப்பீட்டு நகலும், நடந்த வேலையின் அளவுகளைப் பதிகிற எம்-புக் நகலும் கேளுங்கள். இடைவெளியை அடைப்பது மதிப்பீட்டிலேயே இல்லை என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இருந்தால், எஃப்.டி.எல்.லை உயர்த்த யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி.

யாரிடம் கொடுப்பது என்று கேட்டீர்கள். 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஒன்றியம். அடைப்பு இருப்பது மேல் கண்மாயில். ஆகவே மனு நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கு. நகல் ஆட்சியருக்கும், உங்கள் கண்மாய்க்குப் பொறுப்பான வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

உடைக்கப் போகாதீர்கள். அது பொதுச் சொத்து. ஒரு கடப்பாரை விழுந்தால் அன்றைக்கே நீங்கள் மனுதாரர் இல்லை, குற்றவாளி.

மேல்மடைத் தம்பி எழுதியது:

அக்கா, நான் முதுகுளத்தூர்ப் பக்கம். எங்களுடையது உங்கள் கதையில் வருகிற மேல் கண்மாய் மாதிரி. எங்களுக்குக் கீழே இரண்டு ஊர். அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மேல் ஊர்க்காரர்கள் கலுங்கை உயர்த்துவது பேராசையால் மட்டும் இல்லை. கண்மாய் மேடாகிவிட்டது. வண்டல் படிந்து படிந்து, தண்ணீர் தேங்குகிற உட்பகுதியான உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டி, எங்கள் தாத்தா நீச்சல் அடித்த இடத்தில் இன்றைக்கு ஆடு மேய்கிறது. பழைய மட்டத்துக்குத் தண்ணீர் நின்றாலும் பழைய கொள்ளளவு இல்லை. மாசியில் மிளகாய்க்கு ஒரு தண்ணீர் வேண்டும் என்றால் எங்கே போவது? கீழே தோண்ட முடியாதவன் மேலே உயர்த்துகிறான். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊரிலும் பொக்லைன் வந்தது, மேலோடு வெட்டிப் போட்டது. வேர் அப்படியே இருந்ததால் ஒரே மழையில் துளிர்த்துவிட்டது.

ஆனால் உயர்த்தியதால் எங்களுக்குள்ளேயே வினை வந்தது. உள்வாயை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய மட்டத்துக்கு அவர்கள் நிலம் தப்பும். ஒரு அடி உயர்த்தினால் பருத்தி மூழ்கும். அவர்கள்தான் எங்கள் ஊரில் முதலில் எதிர்த்தார்கள். உங்கள் மேல் ஊரிலும் அப்படி ஆட்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். மனுவில் மேல் ஊர் ஆட்களின் கையெழுத்தும் இருந்தால் அது ஊர்ச் சண்டை இல்லை என்று ஆகிவிடும்.

நாங்கள் கடைசியில் செய்தது இது. கல் இடைவெளியை அடைக்கும் வேலையைக் கான்கிரீட்டில் செய்யாமல், இரண்டு பக்கமும் காடி வைத்துப் பலகை சொருகும்படி செய்தோம். கீழ்க் கண்மாய் இரண்டும் நிறைந்ததை இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வந்து பார்த்த பிறகுதான் பலகை இறங்கும். ஆடியில் பலகையை எடுத்து ஊர்ச் சாவடியில் வைத்துவிட வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் வருடம் ரொம்பப் பேச்சு, கைகலப்பு வரை போனது. இப்போது ஓடுகிறது.

வண்டல் எடுக்கிறதையும் விடாதீர்கள். 1959-ஆம் வருடச் சிறு கனிம விதிகளில் விவசாயத்துக்கு வண்டல் எடுக்க இடம் இருக்கிறது, இப்போது வட்டாட்சியரே அனுமதி தருகிறார். மேல் ஊர்க்காரர்களிடம் “கான்கிரீட்டை எடுங்கள்” என்று மட்டும் போய் நிற்காமல், “வண்டல் எடுக்க நாங்களும் டிராக்டர் கொண்டுவருகிறோம்” என்று சொல்லிப் பாருங்கள் அக்கா. அந்த வண்டல் உங்கள் வயலுக்கும் உரம்தான்.

வழக்காடி எழுதியது:

சட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சகோதரி கேட்ட முதல் கேள்விக்கு, ஆம், பாத்தியம் உண்டு. ஆனால் இத்தனை கன அடி என்று எந்தப் பட்டாவிலும் எழுதியிருக்காது. தண்ணீரைப் பங்கிடும், ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு. அதே நேரம், நஞ்சை என்று வகைப்படுத்தித் தீர்வை வாங்கிய பழைய ஆயக்கட்டுக்கு வழக்கமாகக் கிடைத்துவந்த தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்பது சென்னை மாகாணக் காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நிலை. கிராமத்தில் மாமூல் பாத்தியம் என்பது இதைத்தான்.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலும் வழி இருக்கிறது. இடையூறு இல்லாமல், உரிமையாக, 20 ஆண்டு அனுபவித்தால் உரிமை உறுதியாகும். எதிரில் இருப்பது அரசுச் சொத்து என்றால் 30 ஆண்டு. உங்கள் அப்பத்தா காலம் என்றால் 30 ஆண்டு தாராளமாகத் தாண்டும். ஆனால் இடையூறு வந்த பிறகு வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டால் இந்த வாதம் பலவீனமாகும். ஆகவே எழுத்தில் ஆட்சேபணை இப்போதே போயாக வேண்டும்.

வீட்டுப் பெட்டியில் இருக்கிற பழைய கிரையப் பத்திரங்களைப் படியுங்கள். சொத்து விவரத்தின் கடைசி வரிகளில் வண்டிப் பாதை, மடை வாய்க்கால், மாமூல் நீர்ப் பாத்தியம் என்று எழுதும் பழக்கம் உண்டு. அதோடு, பழைய பசலிகளின் (வருவாய்த் துறை ஆண்டுகளின்) அடங்கல் நகல், அதாவது கிராமப் பயிர்க் கணக்கு. எந்தப் பசலியில் நெல் விளைந்தது, எதிலிருந்து சாவி, அதாவது விளையாமல் போனது, என்று அதில் தெரிந்துவிடும். உங்கள் பகுதி ஜமீன். 1803-இல் நிரந்தரத் தீர்வையில் கொடுத்தது, 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான், அரசே விவசாயியிடம் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரிக்கு வந்தது. அப்போது தயாரான எஸ்.எல்.ஆர். என்ற நிலவரித் திட்டப் பதிவேட்டில் மறுகால் ஓடை புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். அதன் அகலத்தைப் புலப்படத்தில் பார்த்து, இன்றைக்கு ஓடை அவ்வளவு அகலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கலுங்கைத் திறந்துவிட்டு ஓடை வழியில் அடைபட்டிருந்தால் பயன் இல்லை. நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் ஆக்கிரமிப்பு அகற்ற 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், மற்றப் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

மனுக் கொடுத்து நடவடிக்கை இல்லை என்றால் மதுரைக் கிளையில் ரிட் மனு. மனுக் கொடுத்த ரசீது இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பாசனத் தண்ணீர் குறையும்படி சேதம் செய்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 430-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. இன்றைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 326. நீங்கள் கலுங்கை உடைத்து மேல் கண்மாய் வடிந்துபோனால் அந்தப் பிரிவு உங்கள் மேல்தான் பாயும்.

நீர்பாய்ச்சி பேரன் எழுதியது:

சிவகங்கைப் பக்கத்தவன். எங்கள் தாத்தா கண்மாய் நீர்பாய்ச்சி. மடை திறப்பதும் அடைப்பதும் அவர் கையில், அறுவடையில் களத்துக்குக் களம் நெல் வாங்குவார். இரண்டு விஷயம் மட்டும்.

மேல் கண்மாய் வழக்கு முடிய நாளாகும். அதுவரை வருகிற குறைத் தண்ணீரை 90 ஏக்கருக்கும் பரப்பாதீர்கள், ஒருவருக்கும் விளையாது. கண்மாய் பாதிகூட நிறையாத வருடத்தில் தாத்தா காலத்தில் கரையை ஒட்டிய வயலில் மட்டும்தான் பயிர். கடைமடைக்காரர்களுக்கும் அந்த வயல்களில் ஒரு வருடத்துக்குப் பாத்தி ஒதுக்கிக் கொடுப்பார்கள். இன்றைக்கு அதற்கு ஒத்துக்கொள்ள வைப்பது கஷ்டம்தான், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். குறைந்தபட்சம் முறை வைத்துப் பாய்ச்சும்போது கடைமடையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மேலே ஆயில் இன்ஜின் போட்டுக் கண்மாய்க்குள்ளிருந்து நேரே இறைக்கிறவர்களை ஊர்க் கூட்டத்தில் நிறுத்துங்கள். மீன்பாசிக் குத்தகைக்காரர் மீன் பிடிக்கத் தண்ணீரை வெளியேற்றுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் அதில்தான் பெரிய இழப்பு.

இன்னொன்று. வைகை அணைத் தண்ணீரையே ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பன்னிரண்டு பங்காக வைத்திருக்கிறார்கள். கடைசியில் இருக்கிற ராமநாதபுரத்துக்குத்தான் பெரிய பங்கு. கடைசியில் இருக்கிற ஊருக்கு உரிமை குறைவு என்று யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தா வாங்கிய கிரையப் பத்திரம் கிடைத்தது. கடைசியில் “மடைப் பாய்ச்சல், மறுகால் மாமூல் நீர்ப் பாத்தியம் சகிதம்” என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

மேல் ஊரில் உள்வாய் ஓரம் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியப்பா முறைக்காரரிடம் பேசினேன். அவர் நிலமும் போன கார்த்திகையில் மூழ்கியிருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன் என்றார், இன்னும் ஆறேழு பேரை அழைத்து வருவதாகவும் சொன்னார். பலகை யோசனையைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துவிட்டது. வண்டலுக்கு டிராக்டர் தருகிறோம் என்றதைப் பற்றி ஊரில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மதகடி ஐயாவிடம் இரண்டு கேள்வி. இப்போது கண்மாயில் தண்ணீரே இல்லை, நீங்கள் சொன்ன அளவை எப்படி எடுப்பது? தகவல் மனுவுக்குப் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றால் ஐப்பசி மழை வந்துவிடுமே. இந்த வருடம் விதைத்ததைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? புழுதியில் நெல் போட்டாயிற்று.

மதகடி எழுதியது:

இருக்கிறது அம்மா. அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இப்போது படமும் டேப்பும் போதும், தண்ணீர் அளவை மழைக்குப் பிறகு எடுத்துக் கோப்பில் சேர்க்கலாம்.

இந்த மாதம் எல்லா மாவட்டத்திலும் வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடக்கும். கலுங்கு, மடை, கரை இவற்றில் உள்ள அடைப்புகளை மழைக்கு முன் சரிசெய்யச் சொல்லி ஆட்சியர் உத்தரவிடுவது அந்தக் கூட்டத்தில்தான். உங்கள் மனுவின் தலைப்பையே “பருவமழை முன்னெச்சரிக்கை: கலுங்கு அடைப்பால் கரை உடையும் அபாயம்” என்று போடுங்கள். நிரந்தரத் தீர்வையும் பங்குப் பிரச்சினையையும் பின்னால் வையுங்கள். முதல் கோரிக்கையாக, பொறியாளர், வட்டாட்சியர், இரண்டு ஊர் ஆட்களுடன் கூட்டுப் புலத்தணிக்கை கேளுங்கள். இரண்டாவது கோரிக்கையாக, தணிக்கை நடக்கும்போதே துறையின் ஆட்களை வைத்து இரண்டு மூன்று இடைவெளிகளிலாவது கான்கிரீட்டைப் பழைய தளம்வரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. இரண்டு மூன்று இடைவெளி திறந்தாலே தண்ணீர் பழைய மட்டத்தில் பாய ஆரம்பித்துவிடும், மெதுவாக வந்தாலும் ஐப்பசியிலேயே வரும்.

வண்டல் எடுக்கும்போது ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். கரையை ஒட்டி ஆழமாகத் தோண்டாதீர்கள், கரையின் அடி பலவீனமாகும். மடைத் தளத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் ஆடு மாட்டுக்கு உதவும், மடை வழியாக வயலுக்கு ஏறாது. உள்வாய்ப் பக்கம், மடைத் தளத்துக்கு மேலே மேடாகிக் கிடக்கிற வண்டலைத்தான் எடுக்க வேண்டும். கொள்ளளவு கூடுவது அங்கேதான்.

மேல் ஊர்ப் பெரியப்பாவையும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கூட அழைத்துப் போங்கள். மனுவை அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.